செவ்வாய்க்கிழமை இறக்கிய கூடை

வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடுகள் கட்டுவதற்காக எங்கள் வீதியில் மூங்கில் வந்து இறங்கிய வாரத்தில்தான் அந்தக் கட்டி என் கையில் தட்டுப்பட்டது. குளிக்கும்போது, வலது விரையில், ஒரு கடலை அளவில் இருந்தது. வலி இல்லை. வலி இல்லாததுதான் இந்த நோயின் குணம் என்று பிறகு அறிந்தேன். ஆகவே வலிக்காத கட்டிக்குத்தான் வைத்தியரிடம் ஓடவேண்டும் என்பதை, இதை வாசிக்கும் ஆண்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த மாதங்களில் எத்தனையோ காத்திருப்பு அறைகளில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் ஐந்து நிமிடத்துக்குள் ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பார்கள். ஆண்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். யாராவது ஒருவர் எனக்கு முன்னால் எழுதி வைத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் எழுதுவினைஞர். வீடு கொட்டாஞ்சேனையில். எங்கள் வீதியில் எந்தக் கடை எப்போது கைமாறியது, எந்த மழைக்கு எந்த மதில் விழுந்தது என்று திகதியோடு நினைவில் வைத்திருப்பது என் பழக்கம். மனைவி கௌரி என்னை வீட்டுக் கலண்டர் என்று பகிடி பண்ணுவாள். அவள் வெள்ளவத்தைப் பிள்ளை, யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், வங்கியில் வேலை. என் பக்கம் கத்தோலிக்கம். எங்களோடு இருப்பது அப்பா மட்டும். மீன் சேமிக்கும் குளிர் அறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கோடைக் காலத்திலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன மனிதர் எங்கள் வீதியில் அவர் ஒருவர்தான்.

ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்திக்கக் காசு கட்டிச் சனல் செய்துவிட்டு, இலக்கச் சீட்டோடு ஒரு மாலை முழுவதும் காத்திருந்தோம். அவர் அதிகம் சுற்றி வளைக்கவில்லை. இது புற்றுநோய், ஆனால் புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகும் வகை, வலது விரையை எடுக்க வேண்டும், வயிற்றுக்குள் நெறிக்கட்டிகள் வீங்கியிருந்தால் அதற்குப் பிறகு மருந்து ஏற்ற வேண்டும் என்றார். பிறகு இடது பக்கத்தையும் பரிசோதித்தார்.

“சின்ன வயசில கூகைக்கட்டு வந்ததா?”

வந்தது. எட்டாம் வகுப்பு இரண்டாம் தவணை. கன்னம் வீங்கியது நினைவிருக்கிறது. அது கீழேயும் இறங்கி இடது விரையைச் சுருங்க வைத்துவிட்டுப் போயிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. இவ்வளவு காலமும் வேலை செய்தது வலது மட்டும்தான். இப்போது எடுக்கப் போவதும் அதைத்தான்.

“பிள்ளைகள் இருக்கா?” என்று கேட்டார் வைத்தியர்.

“இல்லை சேர்.”

“அப்ப கத்தி வைக்க முந்தி ஒரு வேலை இருக்கு. அதுக்கு ஒரு கிழமைதான் தருவன். அதுக்கு மேல இந்தக் கட்டியை வச்சிருக்க ஏலாது.”

அந்த வேலை, விந்தணுவைச் சேகரித்து உறைய வைப்பது. சத்திரசிகிச்சைக்குப் புதன்கிழமை குறித்தார். அதற்குள் சேமித்தால் உண்டு. பிறகு எங்களுக்கு என்று ஒரு பிள்ளை வேறு வழியில் வர வாய்ப்பு இல்லாத அளவுக்குக் குறைவு.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இரத்தப் பரிசோதனை முடிவைக் கௌரி வாசித்தாள். கர்ப்பமான பெண்களின் இரத்தத்தில் கூடுகின்ற ஒரு ஓர்மோன் இந்தக் கட்டியிலிருந்தும் சுரக்கும். எனக்கு அது கூடியிருந்தது. வைத்தியர் விளக்கும்போது அழாமல் இருந்தவள், பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அப்ப எனக்கு முந்தி உங்களுக்குத்தான்,” என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். சாரதி கண்ணாடியில் பார்த்தார். சிரிப்பு நின்ற பிறகு அவள் என் கையை வீடு வரும் வரைக்கும் விடவில்லை.

உறைய வைத்தல் என்றால் என்ன என்பதை நான் வாசித்து விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். உயிருள்ள எந்தக் கலத்திலும் பெரும்பகுதி தண்ணீர். சாதாரணமாகக் குளிரவைத்தால் அந்தத் தண்ணீர் பனி ஊசிகளாகி, கலத்தின் தோலைக் கிழித்துவிடும். ஆகவே கிளிசரின் போன்ற ஒரு காப்புத் திரவத்தைக் கலந்து, படிப்படியாகக் குளிரவைத்து, மெல்லிய குழாய்களில் அடைத்து, திரவ நைதரசன் நிரம்பிய தாங்கிக்குள் இறக்குகிறார்கள். அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருநூறு பாகைக்குக் கிட்ட. அந்தக் குளிரில் கலத்துக்கு வயது போவதில்லை. பெண்ணின் முட்டை பெரியது, தண்ணீர் கூடியது, எளிதில் கெடுவது. அதையும், முட்டையும் விந்தும் சேர்ந்து உருவாகும் முளையத்தையும் கண்ணிமைக்கும் வேகத்தில் குளிரவைத்து, பனி கட்ட நேரமே இல்லாமல் கண்ணாடி போல இறுகச் செய்கிறார்கள். ஆனால் எதுவானாலும், ஆய்வுகூடத்துக்கு வந்து சேரும் வரைக்கும் உடம்புச் சூட்டில் இருக்கவேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை நிலையம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து சற்று உள்ளே. வியாழக்கிழமை போனேன். நடைபாதையின் கோடியில் ஒரு சிறிய அறை. தோல் சோபா, கைகழுவும் தொட்டி, கதவில் சரியாகக் கொளுவாத ஒரு கொண்டி. வெளியே இரண்டு பேர் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலில் பருப்பு இருந்ததா இல்லையா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். என்னால் முடியவில்லை. வெறும் போத்தலோடு வெளியே வந்தபோது, ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான சிங்களப் பெண்மணி, எல்லாரும் அவரை லேப் மிஸ் என்பார்கள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நிறையப் பேருக்கு இப்படித்தான், வீட்டில் எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தால் போதும், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வரவேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை என்று முடிவானது. அன்றைக்கே எனக்குப் பொரளையில் வயிற்று ஸ்கேனுக்கும் நேரம் தந்திருந்தார்கள். ஆகவே போத்தலைக் கொண்டுபோவது கௌரியின் பொறுப்பு. அப்பாவிடம் நாங்கள் சொன்னது ஒரே ஒரு வசனம்: ஒரு சாம்பிளை வெள்ளவத்தையில் உறைய வைக்கிறார்கள், கௌரி கொண்டுபோகிறாள். எங்கள் வீட்டில் இந்த விஷயங்களைக் கதைப்பதில்லை. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை நான் பொரளைக்குப் போன பிறகு நடந்ததை எனக்குச் சொன்னது கௌரி.

போத்தலைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, அப்பாவும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில், மீன் அடைக்கிற ஒரு வெள்ளை றெஜிபோம் பெட்டி. விடியவே பழைய வேலைத்தலத்துக்குப் போய், நொறுக்கிய ஐஸ் நிரப்பி, குளிர் கூட வேண்டும் என்று அதில் உப்பும் தூவியிருந்தார்.

“அதை இங்க தாங்க மகள். வெயில்ல பழுதாப் போயிடும்.”

கௌரி தயங்கினாள். இது உங்கள் மகனுடைய விந்து, இதை நான் என் உடம்போடு வைத்துக்கொண்டுதான் வரவேண்டும் என்று மாமனாரிடம் எப்படிச் சொல்வது? அதற்கான சொற்கள் அவளிடம் இல்லை. எங்கள் யாரிடமும் இல்லை. அதோடு, குளிரிலேயே வாழ்ந்த மனிதர், அவருக்குத் தெரியாததா என்றும் ஒரு எண்ணம். போத்தலைக் கொடுத்துவிட்டாள்.

அப்பா பெட்டியைத் தானே கொண்டுபோய் லேப் மிஸ்ஸிடம் கொடுத்தார். நல்ல ஐஸ், கல்லுப் போல இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். லேப் மிஸ் மூடியைத் திறந்து பார்த்தார். போத்தலை ஐஸிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

“ஐஸ் எப்பா, அங்கிள்,” என்றார். ஐஸ் வேண்டாம். அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றாள் கௌரி.

உப்பு ஐஸில் போத்தல் முழுவதும் இறுகிப் போயிருந்தது. இளக வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். ஒன்றும் நகரவில்லை. அப்பா அந்தக் காத்திருப்பு அறையில், கோப்புகளை மடியில் வைத்திருந்த பெண்களுக்கு நடுவில், அந்த ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐஸ் உருகி அவருடைய காற்சட்டை நனைந்திருந்தது.

நான் பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அவர் பின்பக்கம் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய வாளி.

“நான் ஐஸ்லயே கிடந்தவன் மகன்,” என்றார், என்னைப் பார்க்காமல்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அவர் கெடுத்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லேப் மிஸ் தானாகவே கௌரிக்கு அழைப்பு எடுத்தார். இரண்டு மூன்று நாள் இடைவெளி விடவேண்டும், ஆகவே செவ்வாய் காலை, அதுதான் கடைசி. நான் அந்த அறைக்குப் பயந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து கொண்டுவருவதற்கு, வேலை நாள் நெரிசலில் ஒரு மணித்தியாலம் போதாது. மிச்சம் இருந்தது ஒரே இடம்: நிலையத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, கடற்கரைப் பக்கமாக, மூன்றாம் மாடியில் கௌரியின் அம்மாவின் ஃபிளாட்.

மாமியாரிடம் போய் இதற்காக உங்கள் வீட்டு அறை வேண்டும் என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். கேட்டது கௌரிதான். எப்படிக் கேட்டாள் என்று நான் இன்றைக்கு வரைக்கும் விசாரிக்கவில்லை.

செவ்வாய் காலை நாங்கள் போனோம். அப்பாவும் வந்தார். மேலே வரவில்லை, கீழே ஒழுங்கையில் மதிலோரமாக நின்றுகொண்டார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் செவ்வாய்க்கிழமை காலை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் இருந்ததில்லை. அன்றைக்குப் போகவில்லை. கௌரி பத்திரங்களைச் சரிபார்க்க முன்கூட்டியே நிலையத்துக்குப் போய்விட்டாள். மாமி கோயில் சேலையில் தயாராக நின்றார்.

“தம்பி, நான் முருகனிட்டப் போட்டு வாறன். பிளாஸ்க்கில தேத்தண்ணி கிடக்கு. ஆறுதலா இருங்கோ. ஒருதரும் வந்து தட்டாயினம்.”

கதவைச் சாத்திக்கொண்டு போனார். வெளியே ஏதோ சத்தம் கேட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை.

முடிந்தது. மூடியை இறுக்கி, காலில் இருந்த கால்மேசு ஒன்றைக் கழற்றி, போத்தலை அதற்குள் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். வெளியே இரும்புக் கிறில் கதவு சாத்தியிருந்தது. அதில் பூட்டுத் தொங்கியது.

மறதியில் பூட்டியது அல்ல. யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் இருந்த எத்தனையோ வீடுகளில் இந்தப் பழக்கம் இருந்தது: உள்ளே ஆட்களை வைத்துக்கொண்டு வெளியே பூட்டைப் போட்டுவிட்டுப் போவது. சோதனைக்கு வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு ஆளில்லை என்று போய்விடுவார்கள். மாமி என்னைக் காப்பாற்றியிருந்தார். ஒருவரும் வந்து தட்ட மாட்டார்கள் என்று அவர் சொன்னது இதைத்தான். ஒரு மணித்தியாலக் கணக்கை அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

மாமிக்கு அழைப்பு எடுத்தேன். கோயிலில் அவர் தொலைபேசியை நிறுத்திவிடுவார். மேல்வீட்டாரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், நிலையத்தில் நின்ற கௌரிக்கும் எடுத்தேன். பதில் இல்லை. போத்தல் நெஞ்சில் சூடாக இருந்தது.

பல்கணிக்குப் போனேன். அங்கே நைலோன் கயிற்றில் கட்டிய நீலப் பிளாஸ்ரிக் கூடை இருந்தது. மூன்றாம் மாடியில் இருக்கிறவர்கள் பாண்காரனுக்கும் மரக்கறிக்காரனுக்கும் படியிறங்குவதில்லை. காசைக் கூடையில் போட்டு இறக்குவார்கள், சாமானை இழுத்து எடுப்பார்கள். கீழே அப்பா அதே மதிலோரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“அப்பா,” என்றேன். நிமிர்ந்து பார்த்தார். “பூட்டியிருக்கு. இறக்கிறன். நீங்கதான் கொண்டு போகவேணும்.”

அவர் முகத்தில் வந்த பயத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நான் வேணாம் மகன். வேற ஆரையும் பார்.”

“வேற ஆள் இல்லை அப்பா. உடம்போட வச்சிருக்கவேணும். சட்டைக்குள்ள. கமக்கட்டுக்குக் கீழ. சூடா இருக்கவேணும், அவ்வளவுதான்.”

அந்த ஒரு விஷயத்தை முதன்முறையாக வாய்விட்டு அவரிடம் சொன்னேன், மூன்றாம் மாடியிலிருந்து, ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும்படியாக.

கூடையை இறக்கத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து, பாணும் பணிசும் விற்கும் பாண்காரனின் ஆட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. இறங்கி வரும் கூடையைக் கண்டதும் அதற்கு நேர் கீழே வந்து நிறுத்தினார். மேலே பார்க்காமலே கையை நீட்டி, “கீயக்த அம்மே?” என்று கேட்டார். எத்தனை வேண்டும் என்று, சிங்களத்தில். அப்பா ஓடிவந்து அவரை விலத்திக்கொண்டு கூடைக்குள் கைவிட்டார். கால்மேசோடு போத்தலை எடுத்தார். நடு ஒழுங்கையில் நின்று சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, பெனியனுக்கு உள்ளே, கமக்கட்டில் வைத்து, கையை இறுக்கி, அந்தக் கையை மறு கையால் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்குக் கை முறிந்த ஆள் போல இருந்திருக்கும்.

“சூடாத்தான் இருக்கு மகன்,” என்றார் மேலே பார்த்து.

பிறகு நடந்தார். ஆட்டோவில் ஏறவில்லை, நெரிசலில் சிக்கிவிடும் என்று நினைத்திருக்கிறார். முழங்கால் வலிக்காரர் அவர். ஒழுங்கை முடிந்து திரும்பும்வரை அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாண்காரர் இன்னும் கீழே காத்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. காசை இறக்கி ஒரு இறாத்தல் பாண் வாங்கினேன்.

நிலையத்தில் போத்தலை வரவேற்பு மேசையில் கேட்டபோது அப்பா கொடுக்க மறுத்துவிட்டாராம். லேப் மிஸ் வந்த பிறகுதான், அத்தனை பெண்களுக்கும் முன்னால் சட்டையைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். லேப் மிஸ் கால்மேசைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார் என்று கௌரி சொன்னாள். நேரம் பிந்தவில்லை. நன்றாக நகர்கின்றன என்று கொஞ்ச நேரத்தில் வந்து சொன்னார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மாமி விபூதியோடு திரும்பி வந்து பூட்டைத் திறந்தார். மேசையில் பாணைப் பார்த்தார். இடியப்பம் இருக்கிறது தம்பி, சாப்பிடுங்கோ என்றார்.

அடுத்த நாள் சத்திரசிகிச்சை. அது நான் பயந்த அளவுக்கு இல்லை. அடிவயிற்றில் ஒரு வெட்டு, சில நாள் குனிந்து நடப்பது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மருந்து ஏற்றிய மாதங்கள்தான் கடினம். வயிற்று ஸ்கேனில் நெறிக்கட்டிகள் தெரிந்திருந்தன. ஒரு முறை என்றால் ஐந்து நாள் தொடர்ந்து, நாள் முழுவதும் சேலைன் போத்தல். வாயில் பித்தளைச் சுவை. காதுக்குள் இரைச்சல். விரல் நுனிகள் மரத்துப்போய்ப் பொத்தான் போட முடியவில்லை. தலைமயிர் ஆவணி மாதத்தில் தலையணையில் கொட்டியது. இரவுகளில் ஆஸ்பத்திரி விடுதியின் மின்விசிறிச் சத்தத்துக்குள், அந்தத் தாங்கியை நினைத்துக்கொள்வேன். என் உடம்பில் எல்லாம் எரிந்துகொண்டிருந்தபோது, என்னில் ஒரு பகுதி வெள்ளவத்தையில் எதுவும் அறியாமல் அசையாமல் இருந்தது. அது ஒரு ஆறுதல். வேறு எதையும்விடப் பெரிய ஆறுதல்.

பில்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கனடாவில் இருக்கும் கௌரியின் அண்ணன் கேட்காமலே காசு அனுப்பினான். என் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் ஏதோ கொடுத்தார்கள். எங்கள் பங்குத்தந்தை, விந்தை உறைய வைத்துப் பிள்ளை பெறுவதைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதை நான் அறிவேன் என்பதை அறிந்தவர். அதைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காமல், விடுதிக்கு நற்கருணை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்பாவோடு இருந்து கிரிக்கெட் கதைத்துவிட்டுப் போனார். மாமி ஒவ்வொரு முறையும் உப்பில்லாக் கஞ்சி செய்து அனுப்பினார். அதைத் துணியில் சுற்றிச் சூடு ஆறாமல் பஸ்ஸில் கொண்டுவந்தது அப்பா.

குணமாகிவிட்டேன். வைத்தியர் வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொன்ன பிறகு, உறைந்திருந்ததை எடுத்தோம். கௌரிக்கு நாள்தோறும் ஊசி. மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுத்தார்கள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரே ஒரு விந்தணுவை மிக மெல்லிய ஊசியால் செலுத்தினார்கள். நான்கு முளையங்கள் தேறின. ஒன்றை வைத்தார்கள், நிற்கவில்லை. அந்த வாரம் பற்றி எழுத என்னால் முடியாது. கௌரி எழுதினால் எழுதட்டும். மிச்ச மூன்றும் உறைந்திருந்தன. சில மாதம் விட்டு இன்னொன்றை இளக்கி வைத்தார்கள். இரத்தப் பரிசோதனை முடிவை இந்த முறை நான் வாசித்தேன். அதே ஓர்மோன். கூடியிருந்தது.

“இப்ப உனக்கு,” என்றேன்.

மகள் பிறந்தது போன தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பிறந்த அன்று அப்பா அறைக்குள் வந்து கதவோரமாகவே நின்றார். தாதி பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, யார் வாங்குகிறீர்கள் என்று கேட்டார். கௌரி படுக்கையிலிருந்து, “மாமா வாங்கட்டும்,” என்றாள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஐஸ் என்ற சொல்லை அவருக்கு முன்னால் யாரும் எடுத்ததில்லை. குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீர் வைக்கும்போதுகூட நான் பார்த்துத்தான் பேசுவேன். அவரும் எடுத்ததில்லை.

அப்பா இரண்டு அடி முன்னால் வந்தார். பிறகு நின்று, சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஏசியை நிமிர்ந்து பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். இரண்டாவதையும் கழற்றினார்.

“ஐஸ் எப்பா மிஸ்,” என்றார் தாதியிடம். “அதை நிப்பாட்டுங்க. பிறகு தாங்க.”